வயிற்று டயாலிசிஸும் பக்கவாதமும்: வீட்டில் தடுக்கும் வழி, வந்துவிட்டால் முதல் மணி நேரத்தில் செய்ய வேண்டியது

மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் ஹீமோடயாலிசிஸுக்குப் போகிறவரை வாரத்தில் இரண்டு மூன்று நாள் யாராவது ஒருவர் எடை போட்டுப் பார்க்கிறார், பிரஷர் பார்க்கிறார், கால் வீங்கியிருந்தால் என்னவென்று கேட்கிறார். சிஏபிடி என்கிற வயிற்று டயாலிசிஸில், அதாவது பையிலிருக்கும் திரவத்தைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் ஏற்றி, சில மணி நேரம் கழித்து வீட்டிலேயே வடித்துவிடும் முறையில், அப்படி ஒரு ஆள் கிடையாது. பைகள் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் சிஏபிடி பைகளை வீட்டில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். டாக்டரைப் பார்ப்பது பெரும்பாலும் மாதத்துக்கு ஒரு தடவை. இடைப்பட்ட நாட்களில் உடம்பில் தண்ணீர் சேர்ந்து, பிரஷர் மெல்ல ஏறி, ஒரு நாள் விடியற்காலை கை இழுத்துக்கொள்கிறது. திடீரென்று வந்துவிட்டது என்றுதான் வீட்டார் சொல்வார்கள். நோட்டு எழுதும் வீடாக இருந்தால், மூன்று வாரமாகவே அது வந்துகொண்டிருந்தது நோட்டில் தெரியும்.

சிறுநீரகம் செயலிழந்தவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது ஒரு வகை, வெடித்துக் கசிவது இன்னொரு வகை. சர்க்கரை நோய், பாஸ்பரஸ் ஏறிக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிவது, இதயம் தாறுமாறாகத் துடிப்பது, ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைவது என்று காரணங்கள் பல. ஆனால் வீட்டில் இருந்தபடியே நம் கையால் மாற்றக்கூடிய பெரிய காரணம் ஒன்றுதான்: தேங்கிய தண்ணீரும் அதனால் ஏறும் பிரஷரும். வயிற்று டயாலிசிஸில் ஒரு நல்லதும் உண்டு. ஹீமோடயாலிசிஸில் ஒவ்வொரு தடவையும் ரத்தம் உறையாமலிருக்க வழக்கமாக ஹெப்பாரின் போடுவார்கள். இதில் அது வேண்டியதில்லை.

நோட்டில் தினமும் எழுத வேண்டியவை

பிரஷரை வீட்டிலேயே பாருங்கள். மணிக்கட்டில் கட்டும் மெஷின் வேண்டாம், மேல் கையில் கட்டும் மெஷின் வாங்குங்கள். பட்டை கைக்குச் சின்னதாக இருந்தால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். பருத்த கை என்றால் பெரிய பட்டை கேட்டு வாங்க வேண்டும். காலையில் மாத்திரை போடும் முன் ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை. காப்பி குடித்தோ பீடி பிடித்தோ அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். ஹீமோடயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கை இருந்தால் அந்தக் கையில் கட்டக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளன்று "ரத்தம் எடுப்பாங்க" என்று காலை மாத்திரையை விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய. டாக்டரிடம் கேட்காமல் அப்படி விடாதீர்கள். அன்று காட்டும் பிரஷரை வைத்துத்தான் அவர் மாத்திரையைக் கூட்டுவார்.

பொதுவான இலக்கு 140/90க்குக் கீழே. உங்கள் டாக்டர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து 160/100க்கு மேல் இருந்தால் மாத முறைக்காகக் காத்திருக்காமல் போன் செய்யுங்கள். 180/110ஐத் தாண்டினால் அன்றைக்கே பேச வேண்டும். கூடவே தலைவலி, கண் மங்கல், வாந்தி, மூச்சிரைப்பு என்று ஏதாவது இருந்தால் போனோடு நிற்காமல் நேராகப் போக வேண்டும்.

எடையைக் காலையில், வயிற்றுத் தண்ணீரை வடித்து முடித்து, புதுப் பை ஏற்றும் முன் பாருங்கள். ஏற்றிவிட்டுப் பார்த்தால் 2 லிட்டர் பைக்கு 2 கிலோ கூடித்தான் நிற்கும். ஒரு நாள் வடித்தபின், மறுநாள் ஏற்றியபின் என்று மாற்றி மாற்றிப் பார்த்தால் அந்த நோட்டால் ஒரு பயனும் இல்லை. ஒரே நாளில் 1 கிலோ, அல்லது மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதையில்லை, தண்ணீர். கெண்டைக்காலின் முன்பக்க எலும்பின்மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி நின்றால் எழுதுங்கள். ராத்திரி தலையணை ஒன்று போதாமல் இரண்டாவது தேவைப்படுகிறதா என்பதையும் எழுதுங்கள்.

எடுபட்ட தண்ணீரின் கணக்கு

பை மாற்றும் ஒவ்வொரு தடவையும் வடிந்த பையைக் கொக்கித் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பீர்கள். வடிந்ததிலிருந்து ஏற்றியதைக் கழித்தால் கிடைப்பது எடுபட்ட நீர். 2000 மி.லி. ஏற்றி நான்கு தடவையில் 2150, 2200, 2100, 2350 என்று வடிந்தால், 150, 200, 100, 350 கூட்டி 800 மி.லி. அன்றைய சிறுநீர் 400 மி.லி. என்று வைத்தால் மொத்தம் 1200 வெளியே போயிருக்கிறது. தண்ணீர், காப்பி, மோர், ரசம், கூழ் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய அந்த 1200க்குள் நிற்க வேண்டும். கம்பங்கூழ் ஒரு சொம்பு குடித்துவிட்டு "அது சோறுதானே" என்று கணக்கில் விடுவது நம் பக்கம் சகஜம். கூழில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. 2 லிட்டர் என்று அச்சிட்ட பையில் குழாயை அலசுவதற்காகக் கொஞ்சம் கூடுதலாகவே நிரப்பியிருப்பார்கள். ஏற்றும் முன் அலசிவிடும் அந்தத் தண்ணீர் நேராக வடியும் பைக்குள் போய்விடுகிறது. வயிற்றைத் தொடவே இல்லை. ஒரு தடவைக்கு 100 மி.லி. என்றாலும் நாலு தடவைக்கு 400 மி.லி. எடுபடாத தண்ணீரை எடுபட்டதாக எழுதிக்கொண்டிருப்போம். நோட்டில் 800 என்று இருக்கும், உண்மையில் 400தான் போயிருக்கும், கால் மட்டும் வீங்கிக்கொண்டே வரும். உங்கள் கம்பெனிப் பைக்கு எவ்வளவு கழிக்க வேண்டும், வெறும் பையின் எடை எவ்வளவு என்று பிடி (வயிற்று டயாலிசிஸ்) நர்ஸிடம் ஒரு தடவை கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். எண்ணும் வீக்கமும் ஒத்துப்போகாவிட்டால் வீக்கத்தை நம்புங்கள்.

சிறுநீரை வாரத்தில் ஒரு நாளாவது 24 மணி நேரமும் ஒரு கேனில் பிடித்து அளந்து பாருங்கள். வயிற்று டயாலிசிஸில் இருப்பவருக்கு அந்த 300, 400 மி.லி. பெரிய சொத்து. அது குறையக் குறையப் பிரஷரைப் பிடித்து நிறுத்துவது கஷ்டமாகிவிடும். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் டைக்ளோஃபெனாக், பஸ்பம், செந்தூரம் எல்லாம் அதைக் குறைக்கும். டைக்ளோஃபெனாக் பிரஷரையும் ஏற்றும்.

உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறைப்பது

நடக்காத காரியம். ஒரு லிட்டர் சலைனில் 9 கிராம் உப்பு இருக்கிறது. உடம்புக்கும் அதே விகிதம்தான். கூடுதலாக 9 கிராம் உப்பு உள்ளே போனால் அதற்கு ஈடாக ஒரு லிட்டர் தண்ணீர் உள்ளே வரும்வரை தாகம் அடங்காது. மனக்கட்டுப்பாடு எல்லாம் அங்கே செல்லாது.

ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது மட்டமாக எடுத்த ஒரு டீஸ்பூனுக்குள், எல்லாம் சேர்த்து. நடைமுறையில் சுலபமானது இது: காலையில் முக்கால் டீஸ்பூன் உப்பை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். நோயாளியின் சோறு, குழம்பு, பொரியல் மூன்றையும் உப்பில்லாமல் எடுத்து வைத்துவிட்டு, அந்த டப்பாவிலிருந்து தட்டில் தூவிக்கொள்ளட்டும். டப்பா காலியானால் அன்றைய உப்பு முடிந்தது. வீடு முழுக்க உப்பைக் குறைக்கச் சொன்னால் நாலு நாளில் யாராவது சண்டை பிடித்து நிறுத்திவிடுவார்கள்.

அரிசிம்பருப்புச் சாதம், கொள்ளுப் பருப்பு, சந்தவை எல்லாவற்றையும் உப்புக் குறைத்துச் செய்ய முடியும். முடியாதவை ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, உப்புக்கண்டம், பேக்கரி மிக்சர். பச்சைப்புளி ரசத்தில் உப்பும் தண்ணீரும் சேர்ந்தே வருகின்றன. கெடா வெட்டு விருந்தில் உப்பை அளக்க வழியில்லை. போக வேண்டியிருந்தால் கறியை எடுத்துக்கொண்டு சாற்றை விட்டுவிடுங்கள். கறியில் இருக்கும் புரதம் வேண்டியதுதான். வடியும் தண்ணீரோடு தினமும் 5 முதல் 10 கிராம் புரதம் வெளியே போவதால், எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் சாப்பிட வேண்டும்.

"லோ சோடியம்" என்று விற்கும் உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். டாக்டரைக் கேட்காமல் அதற்கு மாறாதீர்கள். இளநீர், தெளுவு (பதநீர்) விஷயத்தில் ஒரே விதி எல்லோருக்கும் பொருந்தாது. வயிற்று டயாலிசிஸில் பலருக்குப் பொட்டாசியம் குறைந்தே இருக்கும், சிலருக்கு ஏறியிருக்கும். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எப்படியானாலும் குடித்தது அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேரும்.

எந்தப் பை, எப்போது

பைகள் 1.5%, 2.5%, 4.25% என்று மூன்று வலுவில் வருகின்றன. மஞ்சள், பச்சை, சிவப்பு என்று நிறத்தை வைத்துச் சொல்லிப் பழகியிருப்பீர்கள். கம்பெனி மாறினால் நிறம் மாறலாம், அதனால் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். தண்ணீரை இழுப்பது பையில் இருக்கும் சர்க்கரை. 2 லிட்டர் 1.5% பையில் 30 கிராம், 2.5% பையில் 50 கிராம், 4.25% பையில் 85 கிராம். வயிற்றில் 4 முதல் 6 மணி நேரம் நிற்கும்போது அதில் பாதிக்கு மேல் ரத்தத்துக்குப் போய்விடும். வாரம் முழுக்க ஊறுகாயும் அப்பளமும் தின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வலுவான பையைப் போட்டுத் தண்ணீரை இறக்குவது பழக்கமானால், பிரஷருக்குப் பதில் சர்க்கரையும் கொழுப்பும் ஏறும். அதுவும் பக்கவாதத்துக்குத்தான் வழி. நாளாக நாளாக வயிற்றுச் சவ்வும் கெடும்.

வலுக்குறைந்த பையை ராத்திரி முழுக்க 9, 10 மணி நேரம் உள்ளே விட்டால் சர்க்கரை தீர்ந்துபோய், வெளியே வர வேண்டிய தண்ணீர் திரும்ப உடம்புக்குள் போகும். ஏற்றியது 2000, வடிந்தது 1800 என்று காலையில் எண் வந்தால் பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கிறது. அதற்கு ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற 7.5% பையை நீண்ட நேரத்துக்கு எழுதித்தருவார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியிலும் விசைத்தறியிலும் ஷிப்ட் வேலை செய்கிறவர்கள் மதியப் பையைத் தள்ளிப்போட்டு ராத்திரி இரண்டு பையை அடுத்தடுத்து மாற்றுவதும் இதே கதைதான். ஒன்று உள்ளே நின்று நின்று தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கும், அடுத்தது நேரம் போதாமல் உப்பை எடுக்காது. தானாகப் பை மாற்றும் ராத்திரி மெஷினில் குறுகிய சுற்றுகள் வைத்தாலும் தண்ணீர் முதலில் வரும், உப்பு பின்தங்கும். எடுபட்ட நீர் நன்றாக இருந்தும் பிரஷர் இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் இதைச் சொல்லிச் சுற்று நேரத்தை மாற்றக் கேளுங்கள்.

பிரஷர் தாழ்ந்தாலும் ஆபத்துதான். ஏற்கனவே குறுகிப்போன குழாயில் ரத்த ஓட்டம் மந்தமானால் மூளையின் ஓரப்பகுதி பட்டினி கிடக்கும். சித்திரை வெயிலில் கரூரிலும் ஈரோட்டிலும் வேர்வையாகவே நிறையப் போய்விடும். அதோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்து, பையும் 2.5% ஆகவே ஓடினால், எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். மேல் எண் 100க்குக் கீழே, எடை வழக்கத்தைவிட 1 கிலோ குறைவு, நின்றால் தலை சுற்றுகிறது என்றால் வலுவான பையை எடுக்காமல் போன் செய்து, அன்றைய பையையும் பிரஷர் மாத்திரையையும் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

மாத்திரை, ஊசி

குளோனிடின் என்ற பிரஷர் மாத்திரை பலருடைய சீட்டில் இருக்கும். ஆர்க்கமின் என்று கேட்டு வாங்குவீர்கள். அதைச் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் பிரஷர் முன்னைவிட மேலே எகிறும். மூளையில் ரத்தக்கசிவுக்கு இதைவிட நேர்வழி கிடையாது. பண்டிகை, நோம்பி, ஊர்ப் பயணம் என்றால் ஒரு வார மாத்திரை கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.

ரத்தசோகைக்குப் போடும் எரித்ரோபாய்டின் ஊசியில் "ரத்தம் நல்லா ஏறட்டும்" என்று ஆசைப்படக் கூடாது. ஹீமோகுளோபின் 10 முதல் 11.5 வரை போதும். 13ஐக் குறிவைத்து ஊசி போட்டுப் பார்த்த ட்ரீட் என்ற பெரிய ஆய்வு 2009இல் வெளிவந்தது. டயாலிசிஸுக்கு வராத, சர்க்கரையும் சிறுநீரக நோயும் சேர்ந்தவர்களிடம் செய்த ஆய்வு அது. ஊசி போட்டவர்களில் 5.0 சதவீதம் பேருக்கும், போலி ஊசி போட்டவர்களில் 2.6 சதவீதம் பேருக்கும் பக்கவாதம் வந்தது. ஊசி தொடங்கிய முதல் சில மாதம் பிரஷரை இன்னும் உன்னிப்பாகப் பாருங்கள். ஹீமோகுளோபின் 11.5ஐத் தாண்டிவிட்டால் அடுத்த ஊசிக்கு முன் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

நாடியை வாரம் ஒரு தடவை ஒரு நிமிடம் முழுக்கப் பிடித்துப் பாருங்கள். சீராக இல்லாமல் விட்டு விட்டு, முன்பின்னாக அடித்தால், அல்லது பிரஷர் மெஷினில் சீரற்ற துடிப்புக்கான இதயக் குறி திரும்பத் திரும்ப மின்னினால், ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். இப்படித் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்துக்குள் உறையும் கட்டி மூளைக்குப் போகும். அதற்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தருவதா, எதைத் தருவது என்பது டயாலிசிஸில் இருப்பவருக்குச் சிக்கலான முடிவு. சிறுநீரக டாக்டரும் இதய டாக்டரும் சேர்ந்து எடுக்க வேண்டும். வார்ஃபரின், அசிட்ரோம் எடுப்பவர் ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. கீரையை ஒரு வாரம் தினமும், மறுவாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றாமல் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். வடியும் தண்ணீர் சிவந்து வந்தால் உடனே சொல்லுங்கள். மாதவிடாய் வரும் பெண்களுக்கு அந்த நாட்களில் லேசாகச் சிவப்பது உண்டு, ஆனாலும் சொல்லிவையுங்கள்.

கொழுப்பு மாத்திரை டயாலிசிஸுக்கு முன்பே எடுத்து வந்தால் தொடர்வார்கள். டயாலிசிஸ் தொடங்கிய பின் புதிதாகத் தொடங்குவதில் பெரிய பலன் ஆய்வுகளில் தெரியவில்லை, அதனால் எழுதித்தரவில்லையே என்று குறைபட வேண்டாம். பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்க வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் வீண். பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை பற்றிப் பேச ஒன்றுமில்லை, நிறுத்த வேண்டியதுதான்.

முகம் கோணினால்

பல்லைக் காட்டி ஈ என்று சிரிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் இழுக்கிறதா? இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பத்து விநாடி பிடிக்கச் சொல்லுங்கள். ஒன்று தானாக இறங்குகிறதா? ஊரும் பேரும் சொல்லச் சொல்லுங்கள். குழறுகிறதா, சம்பந்தமில்லாமல் வருகிறதா? திடீரென்று ஒரு கண் தெரியாமல் போவது, நடை தள்ளாடி விழுவது, வாழ்நாளில் வராத மாதிரி மண்டையைப் பிளக்கும் தலைவலி, இவையும் சேர்த்தி. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108க்குப் போன் செய்யுங்கள். செய்யும்போதே மணியைப் பாருங்கள். தொடங்கிய நேரம் தெரியாவிட்டால் "கடைசியா நல்லா இருந்தது எப்போ" என்பதை எழுதுங்கள். தூங்கி எழுந்தபோது இருந்தால், படுக்கப் போன நேரம்தான் கணக்கு. உறைகட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அந்த நேரத்திலிருந்து 4½ மணி நேரம்தான் கெடு. பெரிய குழாய் அடைப்பைக் கம்பி விட்டு எடுக்கும் சிகிச்சைக்குச் சிலருக்கு 24 மணி நேரம் வரை வாய்ப்புண்டு, அதிலும் முந்தினால் நல்லது.

பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே போக வேண்டும். பெரியது வருவதற்கு முன்னோட்டமாக வருவது அது, அடுத்த இரண்டு நாள்தான் ஆபத்து அதிகம்.

வண்டி வருவதற்குள் செய்ய வேண்டிய ஒரே பரிசோதனை சர்க்கரை. சர்க்கரை தாழ்ந்தாலும் கை விழும், பேச்சுக் குழறும், பார்ப்பதற்குப் பக்கவாதம் போலவே இருக்கும். சிறுநீரகம் போனவருக்கு இன்சுலின் உடம்பில் நெடுநேரம் நிற்பதால் இது அடிக்கடி நடக்கும். 70க்குக் கீழே இருந்து, முழு நினைவோடு நன்றாக விழுங்கவும் முடிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். ஐகோடெக்ஸ்ட்ரின் பை போடுபவர் வீட்டில் இன்னொரு கண்ணி உண்டு. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்களில் ஜிடிஹெச்-பிக்யூக்யூ (GDH-PQQ) வகை அந்தப் பையிலிருந்து வரும் மால்டோஸையும் குளுக்கோஸ் என்று எண்ணிக்கொள்ளும். உண்மையில் 50 இருக்கும்போது மெஷின் 150 காட்டலாம், பையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட. ஸ்ட்ரிப் டப்பாவில் எந்த வகை என்று அச்சிட்டிருப்பார்கள். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், அந்த வகையானால் மாற்றுங்கள்.

மற்றபடி கை கட்டி நிற்பதுதான் உதவி. வாயில் தண்ணீர், சோடா, மாத்திரை எதுவும் வேண்டாம், தொண்டை செயலிழந்திருந்தால் நுரையீரலுக்குப் போகும். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அடைப்பா கசிவா என்பது சிடி ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும், கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைக் கூட்டும். நிஃபெடிபின் மாத்திரையை உடைத்து நாக்கடியில் வைத்துப் பிரஷரை இறக்காதீர்கள். அடைபட்ட பகுதிக்குக் கொஞ்ச நஞ்ச ரத்தத்தையும் தள்ளிக்கொண்டிருப்பது அந்தப் பிரஷர்தான். எவ்வளவு இறக்குவது என்பதை ஆஸ்பத்திரியில் முடிவு செய்வார்கள். புறா ரத்தம் தேய்ப்பது, எண்ணெய் போட்டு நீவுவது எல்லாம் கெடு நேரத்தைத் தின்னும். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

பை மாற்றிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டால் கிளாம்ப்களை மூடி, வயிற்றுக் குழாயின் நுனியிலிருக்கும் டிரான்ஸ்ஃபர் செட்டின் திருகையும் மூடி, கை கழுவி, குழாயைக் கழற்றி, புது மூடியைப் போடுங்கள். மெஷினில் இருந்தால் ஸ்டாப் அழுத்திவிட்டு அதே மாதிரி. வயிற்றில் தண்ணீர் நின்றால் நிற்கட்டும். ஒரு பை தவறினால் உயிருக்கு ஒன்றும் ஆகாது; வடித்து முடித்துவிட்டுப் போகலாம் என்று அரை மணி நேரம் தாமதித்தால் மூளை போகும்.

எந்த ஆஸ்பத்திரி என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள். 24 மணி நேரமும் சிடி ஸ்கேன் உண்டா, உறைகட்டி கரைக்கும் ஊசி போடுவார்களா, இரண்டு கேள்விதான். பக்கத்தில் இருக்கிறது என்று ஸ்கேன் இல்லாத இடத்துக்குப் போய், அங்கிருந்து மறுபடி வண்டி ஏறுவதில்தான் பாதிப் பேருக்கு நேரம் போகிறது. கோவை, ஈரோடு, சேலம் நகரத்துக்காரருக்கு இது சுலபம். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு 40 கொண்டை ஊசி வளைவு, தாளவாடிக்காரர் சத்தியமங்கலத்துக்கு இறங்கத் திம்பத்தில் 27 வளைவு. அங்கெல்லாம் காத்திருந்து பார்க்கிற ஒவ்வொரு கால் மணி நேரமும் கெடுவில் கழியும்.

பக்கவாதம் போல ஏமாற்றுபவை

விக்கலுக்கோ முதுகு வலிக்கோ கொடுக்கும் பாக்லோஃபென், நரம்பு வலிக்கான கபாபென்டின், வயிற்று இன்ஃபெக்‌ஷனுக்குப் போடும் செஃபிபைம், அக்கிக்குக் கொடுக்கும் அசைக்ளோவிர், இவை அளவு குறைக்காமல் கொடுத்தால் சிறுநீரகம் இல்லாத உடம்பில் தேங்கி, உளறல், அரைத்தூக்கம், கை கால் வெட்டி வெட்டி இழுப்பது என்று வரும். ஸ்டார் ஃப்ரூட் என்று நட்சத்திர வடிவில் வெட்டி விற்கும் புளிப்புப் பழமும் அப்படித்தான். ஒரே ஒரு பழம் தின்றுவிட்டு விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போனவர்கள் உண்டு. டயாலிசிஸில் இருப்பவர் அதைத் தொடவே கூடாது. இவற்றில் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் விழாது. குழப்பம்தான் முதலில் தெரியும். ஆனால் வீட்டில் பிரித்துப் பார்க்க முயலாதீர்கள். கடந்த ஒரு வாரத்தில் புதிதாக எடுத்த மாத்திரைகளின் அட்டையை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ஆஸ்பத்திரியிலும் அதற்குப் பிறகும்

அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர் வயிற்றுக் குழாயைப் பார்த்தே இராதவராக இருக்கலாம். ஒரு அட்டையில் எழுதி நோட்டோடு கட்டி வையுங்கள்: சிஏபிடி நோயாளி; பையின் வலுவும் தினம் எத்தனை தடவை என்பதும்; ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எடுக்கிறாரா, கடைசி வேளை எப்போது; பைக்குள் ஹெப்பாரின் சேர்ப்பது உண்டா; ஐகோடெக்ஸ்ட்ரின் உண்டா; சிறுநீரக டாக்டரின் போன் எண். பைக்குள் சேர்க்கும் ஹெப்பாரின் ரத்தத்தில் பெரிதாகக் கலப்பதில்லை, இருந்தாலும் உறைகட்டி கரைக்கும் ஊசிக்கு முன் அவர்களுக்குத் தெரிய வேண்டும். "கிட்னி கேஸு, மருந்து ஏத்தி ஸ்கேன் வேண்டாம்" என்று வீட்டார் தடுக்க வேண்டாம். அடைப்பு எங்கே என்று தெரியாமல் கம்பி விட்டு எடுக்க முடியாது.

நான்கைந்து பை, மூடிகள், கிளாம்ப், கொக்கித் தராசு எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் அன்றே பின்னால் போகட்டும். பல ஆஸ்பத்திரிகளில் பிடி பை கையிருப்பில் இருக்காது. மூளையில் கசிவு என்றால் வயிற்று டயாலிசிஸையே தொடர்வது பெரும்பாலும் நல்லது. ஹெப்பாரின் வேண்டாம், ரத்தத்தின் உப்புச்செறிவு மெதுவாக மாறுவதால் மூளை வீக்கம் கூடும் ஆபத்தும் குறைவு. வேறு வழியில்லாமல் ஹீமோடயாலிசிஸ் செய்தால் ஹெப்பாரின் இல்லாமல் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பை மாற்றுவது யார் என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே தீர்க்க வேண்டும். ஒரு கை விழுந்தவர் பழக்கத்தில் தானே செய்யப் பார்ப்பார். மூடியைத் திருகும்போது நுனி பட்டுவிடும், வயிற்று இன்ஃபெக்‌ஷன் வந்துவிடும். மகனோ மருமகளோ பக்கத்து வீட்டு அம்மணியோ, இரண்டு பேர் பிடி நர்ஸிடம் முறையாகக் கற்றுக்கொள்ளட்டும். ஒருவர் மட்டும் என்றால் அவர் காய்ச்சலில் படுத்த அன்று பை நின்றுபோகும். நாலு தடவை முடியவில்லை என்றால் ராத்திரி மெஷினுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். விழுங்கும் சக்தியைச் சோதித்துச் சொல்லும்வரை காப்பி, கஞ்சி எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. படுக்கையில் இருப்பவருக்கு மலச்சிக்கல் வரும். குடல் நிரம்பினால் குழாயை அழுத்தி, தண்ணீர் வடிய இருபது நிமிடம் எடுத்தது ஒரு மணி நேரமாகும். பை பழுது, குழாய் அடைப்பு என்று தேடும் முன், மலம் கழித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். லாக்டுலோஸ் சிரப் கொடுத்தாலே பெரும்பாலும் மறுநாள் வடிதல் சரியாகிவிடும்.